கசப்பைப் படிகமாக்கிய பெண்மணியைத் தெரியுமா?

டீ குடித்து முடித்ததும் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொள்கிறதே, ஏன் என்று தெரியுமா? துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்தார்கள் நம் முன்னோர்கள். இன்றைய ஆய்வாளர்களோ அதைப் பெரும்பாலும் தொடு உணர்வு என்கிறார்கள்! நம் உமிழ்நீரில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் இருக்கின்றன. தேயிலைச் சாறு வாய்க்குள் போன மாத்திரத்தில், அதிலுள்ள சில வேதிப்பொருட்கள் அந்தப் புரதங்களைக் கவ்விப் பிடித்துத் திரளச் செய்துவிடுகின்றன. வழவழப்பு போகிறது, வாய் உலர்கிறது. ஒரு மடக்கு டீயில் இவ்வளவு ரசாயனம்!

அந்தத் துவர்ப்புக்கும் கசப்புக்கும் காரணமான கேட்டச்சின் என்ற பொருளை 1929ல் கிரீன் டீயிலிருந்து தனியே பிரித்துக் காட்டியவர் ஒரு ஜப்பானியப் பெண். பெயர் மிச்சியோ சுஜிமுரா. இன்று கிரீன் டீ பாக்கெட்டுகளில் 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்தப் பேச்சுக்கெல்லாம் அடித்தளம் போட்டவர்களில் முன்வரிசைக்காரர் அவர். அவருடைய கதையைக் கேட்டால் பிரமித்துப் போவீர்கள்.

சம்பளமே வாங்காத விஞ்ஞானி

1888 செப்டம்பர் 17ல் சைதாமா மாநிலத்தின் ஓகேகாவாவில் பிறந்தவர் சுஜிமுரா. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மனசெல்லாம் ஆய்வகத்தில். 1920ல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ஹொக்கைடோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் போய் நின்றார். அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொள்வதே இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வேளாண் வேதியியல் துறையின் உணவுச் சத்து ஆய்வகத்தில் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்துகொண்டார்! ஒரு காசு வாங்காமல், பட்டுப்புழு வளர என்னென்ன சத்து வேண்டும் என்று ஆராய்ந்தார்.

1922ல் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வேதியியல் ஆய்வகத்துக்கு மாறினார். மறு வருஷம் செப்டம்பர் 1ம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரம், பெரும் காண்டோ நிலநடுக்கம். தோக்கியோவும் யோக்கோஹாமாவும் தரைமட்டமாகித் தீப்பற்றி எரிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சுஜிமுரா வேலை பார்த்த ஆய்வகமும் அழிந்தது. அடுத்த மாதமே, அந்த அக்டோபரிலேயே, ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்துவிட்டார் அவர்! அங்கேதான் தேயிலை அவர் கைக்கு வந்தது.

ரிக்கெனில் அவருக்கு வழிகாட்டி யார் தெரியுமா? உமேத்தாரோ சுசூக்கி. பெரிபெரி நோயைத் தடுக்கும் சத்தை 1910லேயே அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தவர். இன்று வைட்டமின் பி1 என்கிறோமே, அதுதான். வைட்டமின் ஆய்வுக்கான நோபல் பரிசு 1929ல் ஐக்மனுக்கும் ஹாப்கின்ஸுக்கும் போனது. சுசூக்கிக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தவிட்டில் சத்தைத் தேடியவரின் மாணவி தேயிலைக்குள் சத்தைத் தேடப் புறப்பட்டதில் ஆச்சரியமே இல்லை.

கினிப்பன்றிதான் அளவுகோல்

1924ல் சுஜிமுராவும் அவருடைய சக ஆய்வாளர் செய்த்தாரோ மியுராவும் கிரீன் டீயில் வைட்டமின் சி இருக்கிறது என்று அறிவித்தார்கள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அன்றைக்கு வைட்டமின் சி என்பது எந்தப் பொருள் என்பதே உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது! ஸ்கர்வி நோயைத் தடுக்கும் ஏதோ ஒன்று எலுமிச்சையிலும் காய்கறியிலும் இருக்கிறது என்ற அளவுதான் தெரியும். ஹங்கேரியைச் சேர்ந்த ஆல்பர்ட் சென்ட்ஜியார்ஜி அந்தப் பொருளைத் தனியே பிரித்தது 1928ல். அதுதான் வைட்டமின் சி என்று உறுதியானது 1932ல்.

பொருள் எதுவென்றே தெரியாதபோது, அது இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் கினிப்பன்றி வருகிறது. நாய், பூனை, எலி, ஆடு, மாடு எல்லாம் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தாங்களே உடம்புக்குள் தயாரித்துக்கொள்கின்றன. மனிதனால் முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது! நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் 1907ல் இதைக் கண்டுபிடித்த பிறகு, கினிப்பன்றியே வைட்டமின் சிக்கு அளவுகோலாகிவிட்டது. வெறும் தானியத்தைத் தின்னக் கொடுத்தால் அதற்கு ஸ்கர்வி வரும். ஒரு உணவைக் கூடவே கொடுத்து, நோய் வராமல் இருந்தால் அந்த உணவில் சத்து இருக்கிறது என்று அர்த்தம். இயந்திரமும் கணினியும் இல்லாத நாளில் வாரக்கணக்கில் காத்திருந்து, எடை போட்டு, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கிடைக்கிற பதில் அது.

செய்தி பரவியதும் வட அமெரிக்காவுக்குப் போன ஜப்பானிய கிரீன் டீயின் ஏற்றுமதி கூடியது. நாம் குடிக்கும் சாதாரண டீயில் மட்டும் ஏன் வைட்டமின் சி கிடைப்பதில்லை? கிரீன் டீக்குக் கொழுந்து பறித்ததும் ஆவியில் வேகவைத்தோ வாணலியில் வறுத்தோ இலையின் நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். அதனால் சத்து தப்பிக்கிறது. கறுப்புத் தேயிலை தயாராகும் வழியில் அது அழிந்துபோகிறது. இரண்டும் ஒரே செடி! கிரீன் டீ, வெள்ளைத் தேயிலை, ஊலாங், நம் டீக்கடை டஸ்ட் எல்லாமே கமீலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் இலை. பறித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கசப்புக்கு உருவம் கொடுத்தவர்

இப்போது கேட்டச்சினுக்கு வருவோம். தேயிலையிலிருந்து இதைப் பிரிப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை தெரியுமா? ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் முறையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். அந்தச் சாற்றைப் பேரிக்காய் வடிவக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்குவார்கள். குளோரோஃபார்ம் கனமானது, அடியில் தங்கிவிடும். காஃபீன் அதனுடன் சேர்ந்து கீழே இறங்கிவிடும். அடியிலுள்ள திருகைத் திறந்து அதை வடித்துவிட்டு, மிச்சச் சாற்றில் எத்தில் அசிட்டேட்டை ஊற்றி மறுபடி குலுக்கினால், இந்த முறை கேட்டச்சின்கள் மேலே மிதக்கும் படலத்துக்கு ஏறிக்கொள்ளும். அந்தப் படலத்தை ஆவியாக்கினால் வெளிறிய தூள் ஒன்று மிஞ்சும்.

இதோடு முடிந்ததா? இல்லை. அந்தத் தூளில் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு போன்ற பல கேட்டச்சின்கள் கலந்திருக்கும். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஓரிரு அணுக்கூட்டம்தான் வித்தியாசம். காற்றுப்பட்டால் பழுப்பேறி வீணாகிவிடும். இன்றைக்கு இவற்றைப் பிரித்துக் கொடுக்கக் கருவி வந்துவிட்டது. 1929ல் கரைப்பது, ஆறவைப்பது, படியவைப்பது, வடிப்பது, மறுபடி கரைப்பது என்று கையால்தான் எல்லாம். ஒரே பொருளின் தூய படிகம் கிடைக்கும்வரை விடாமல் செய்ய வேண்டும். தூய கேட்டச்சினுக்கு நிறமே கிடையாது. இலையின் கசப்பு அவர் கண்முன்னால் நிறமற்ற படிகமாக வந்து நின்றது!

அடுத்த வருஷமே, கேட்டச்சினைவிடக் கசப்பான டானினையும் கிரீன் டீயிலிருந்து படிக வடிவில் எடுத்தார். இந்த ஆய்வுகளைத் தொகுத்து, கிரீன் டீயின் வேதிப்பொருட்கள் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்கு 1932ல் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. ஜப்பானில் வேளாண்மையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. 1934ல் காலோகேட்டச்சின் என்ற இன்னொரு பொருளையும் பிரித்தார். 1935ல் தாவரங்களிலிருந்து வைட்டமின் சியைப் படிகமாக எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பதிவு செய்தார். இத்தனைக்குப் பிறகும், ரிக்கெனில் இளநிலை ஆய்வாளர் என்ற பதவி அவருக்கு வந்தது 1942ல்தான்! பட்டம் வாங்கிப் பத்து வருஷம் கழித்து! படிக்கும்போதே ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, தேயிலைக்கு முன்பே கேட்டச்சின் வேறு எங்கே கிடைத்தது தெரியுமா? நம் தாத்தா பாட்டி வெற்றிலையோடு மென்ற காசுக்கட்டியில்! கருங்காலி மரத்தின் வைரத்தைக் கொதிக்கவைத்து இறுக்கி எடுக்கிற அந்தச் செம்பழுப்புக் கட்டியில்தான் 19ம் நூற்றாண்டிலேயே இந்தப் பொருளை ஐரோப்பியர்கள் கண்டார்கள். வெற்றிலைச் சாறும் டீயும் வாயைத் துவர்க்கவைப்பது ஒரே குடும்பத்துப் பொருட்களால்தான்.

அந்தத் தலைமுறைப் பெண்கள்!

சுஜிமுரா தனி மரமாக நிற்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அவருக்கு அறிவியல் ஆர்வத்தை ஊட்டியவர் கோனோ யாசுய். 1927ல் ஜப்பானிலேயே அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண். இந்த யாசுய் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகக் கேட்டபோது அரசு என்ன நிபந்தனை போட்டது தெரியுமா? ஆய்வுத் தலைப்போடு 'மனையியல்' என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது! இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுதான் கப்பல் ஏறினார்.

இன்னொருவர் சிக்கா குரோதா. 1913ல் தோஹொக்கு இம்பீரியல் பல்கலைக்கழகம் முதன்முறையாகப் பெண்களுக்குக் கதவு திறந்தபோது உள்ளே போன மூன்று பேரில் ஒருவர். காலங்காலமாக ஜப்பானில் ஊதாச் சாயத்துக்கும் புண்ணுக்குப் போடும் களிம்புக்கும் பயன்பட்ட ஷிகோன் என்ற வேரின் நிறப்பொருளை ஆராய்ந்து, 1918ல் அதன் வேதி அமைப்பை வெளியிட்டார். பிறகு குசும்பப்பூவின் செந்நிறத்தை ஆராய்ந்தார். அதற்கும் பிறகு வெங்காயத் தோலுக்கு வந்தார்! நாம் உரித்துக் குப்பையில் போடும் அந்தச் சருகுத் தோலிலிருந்து குவெர்செட்டின் என்ற மஞ்சள் பொருளைப் படிகமாக எடுத்தார். அது ரத்த அழுத்த மருந்துக்கும் பயன்பட்டது.

அந்த மூவரில் இன்னொருவர் உமேக்கோ தாங்கே. சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, ரிக்கெனில் அதே சுசூக்கியிடம் வைட்டமின் ஆய்வு செய்தார். தவிடு, தேயிலை, வேர், வெங்காயத் தோல் என்று மற்றவர்கள் சாதாரணமாக நினைத்துத் தள்ளிய பொருட்களையே இவர்கள் கையில் எடுத்தார்கள். அதுதான் இவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னை மெய்சிலிர்க்கவைக்கிறது.

செடிக்கு எதற்கு இதெல்லாம்?

நமக்குச் சுறுசுறுப்பு தரவா தேயிலைச் செடி காஃபீனைத் தயாரிக்கிறது? கிடையவே கிடையாது! பூச்சிகளுக்கு அது விஷம். கேட்டச்சினும் அப்படித்தான், இலையைக் கடிக்க வருகிற புழு பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டும் ஆயுதம். அதனால்தான் பூச்சி விரும்பித் தின்னும் இளந்தளிரில் செடி இவற்றைக் குவித்து வைக்கிறது. நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் நம் பெண்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கொழுந்து கிள்ளுகிறார்களே, காஃபீனும் கேட்டச்சினும் மிக அதிகமாக இருக்கும் இடம் அதுதான். அந்தத் தளிரைக் காயவைத்து எடை போட்டால் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் துவர்ப்புப் பொருட்களாகவே இருக்கும்!

காபிச் செடியும் தேயிலைச் செடியும் காஃபீன் தயாரிக்க ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளவில்லை. இரண்டும் தனித்தனியாக, வெவ்வேறு நொதிகளைக் கொண்டு, அதே பொருளை எட்டியிருக்கின்றன. 2014ல் காபிச் செடியின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது இது உறுதியானது.

ஜப்பானில் கியொக்குரோ என்ற உயர்ரகத் தேயிலை இருக்கிறது. பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். ஏன்? தேயிலையில் தியானின் என்ற அமினோ அமிலம் உண்டு. இனிமை கலந்த சாரமான ருசி அதனுடையது. 1949ல் யாஜிரோ சக்காதோ என்ற ஆய்வாளர் கியொக்குரோவிலிருந்துதான் அதைக் கண்டெடுத்தார். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் இந்தத் தியானின், வெயில் பட்டால் சிதைந்து கேட்டச்சினாக மாறும் பாதையில் போய்விடும். நிழலில் அந்த மாற்றம் மந்தமாகிறது. வெயிலில் கசப்பு, நிழலில் இனிப்பு! வேதியியல் புத்தகம் எழுதப்படுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அந்த விவசாயிகள் நாக்கை நம்பியே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

டீ டம்ளரிலேயே சோதனை

கறுப்புத் தேயிலை எப்படிக் கறுக்கிறது? ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டி, நசுக்கி உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் கேட்டச்சினும் ஒன்றுசேர, காற்றும் சேர, கண்முன்னாலேயே பச்சை இலை செப்பு நிறமாகிறது. தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற புதுப் பொருட்கள் பிறக்கின்றன. டீயின் பொன்சிவப்பும் பளபளப்பும் 'பிடிப்பும்' இவை கொடுப்பவை. ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பேறுவதும் இதே வகை நொதியின் வேலைதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பால் ஊற்றாத டீயில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நிறம் சட்டென்று வெளிறும்! அமிலம் பட்டதும் தியாரூபிஜின்களின் நிறம் இளகுவதே காரணம். இன்னொன்று: கடுமையாகப் போட்ட பால் இல்லாத டீயை ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தெளிவாக இருந்தது கலங்கிப்போகும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். காஃபீனும் தியாஃபிளேவின்களும் கைகோத்துத் துகளாகத் திரள்கின்றன, அவ்வளவுதான். சூடாக்கினால் மறுபடி தெளியும். நல்ல தேயிலைக்கு இந்தக் கலங்கலை ஒரு அடையாளமாகவே தேயிலை ருசிபார்ப்பவர்கள் கொள்கிறார்கள். பால் ஊற்றினால் துவர்ப்பு ஏன் அடங்குகிறது? பாலிலுள்ள கேசீன் புரதம் முந்திக்கொண்டு அந்தப் பொருட்களைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் உமிழ்நீர் தப்பிக்கிறது!

டீயும் மருந்தும் எவ்வளவு நெருக்கம்?

சுஜிமுரா பிறந்த அதே 1888ல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்து தியோபிலின் என்ற பொருளைப் பிரித்தார். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அந்தப் பொருள் பிற்காலத்தில் ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்தானது. தேயிலையில் அது இருப்பது மிகச் சொற்பம். டீ குடித்து ஆஸ்துமாவைத் தீர்க்க முடியாது. ஆனால் அந்த மருந்து உலகத்துக்கு அறிமுகமானது தேயிலை வழியாகத்தான்.

ஜப்பானில் தேநீரே முதலில் மருந்தாகத்தான் பரவியது. எய்சாய் என்ற ஜென் துறவி 1211ல் தேநீரால் ஆரோக்கியம் பேணுவது பற்றி ஒரு நூலே எழுதினார். 1214ல் ஜப்பானின் படை ஆட்சியாளரான ஷோகன் சனெத்தோமோ முந்தின நாள் குடித்த மதுவின் மப்பில் தலை தூக்க முடியாமல் கிடந்தபோது, எய்சாய் ஒரு கிண்ணம் தேநீரையும் தன் நூலையும் கொடுத்ததாக அக்கால அரசாங்க வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

நம் மலைகளின் கதை இதற்குக் குறைந்ததல்ல. 1860களில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கம் முனைந்து நட்டது சின்கோனா மரத்தை! மலேரியாவை அடக்கும் குவினைன் அந்த மரத்தின் பட்டையில் இருக்கிறது. ஊட்டி அரசுத் தோட்டத்தைக் கவனித்த மெக்ஐவர்தான் அதை முன்னின்று வளர்த்தார். தோட்ட வேலைக்கு நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக்கூட வைத்திருந்தார்கள். இலங்கையில் 1869ல் தொடங்கிய இலைத்துரு நோய் காபித் தோட்டங்களை வாரிக்கொண்டு போனதும், தோட்டக்காரர்கள் முதலில் பெரிய அளவில் தாவியது சின்கோனாவுக்குத்தான். எல்லாரும் நட்டதால் பட்டையின் விலை படுத்தது. பிறகுதான் தேயிலை மலையை நிரப்பியது. 1867லேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டிருந்தார். காபி, சின்கோனா, தேயிலை என்று பயிர் மாறிக்கொண்டே வந்தது. அதைச் சுமந்த தோளும் பறித்த விரலும் மட்டும் மாறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்களுடையவை அவை.

நம் நாட்டு சுஜிமுரா யார் தெரியுமா? நான் அசீமா சட்டர்ஜி என்பேன். 1944ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றவர், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். பணமும் கருவியும் பற்றாத காலத்தில் சர்ப்பகந்தா, நித்தியகல்யாணி போன்ற செடிகளில் உள்ள ஆல்கலாய்டு என்ற வகை வேதிப்பொருட்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 1975ல் இந்திய அறிவியல் காங்கிரசின் முதல் பெண் பொதுத் தலைவரானார். அவர் உருவாக்கிய வலிப்பு மருந்தின் மூலப்பொருட்களில் ஒன்று எது தெரியுமா? நம் வயல் ஓரங்களில் தண்ணீர் தேங்கும் இடத்தில் நாலு இலையாக விரியும் ஆரைக்கீரை! அது கீரையே அல்ல, பெரணி வகை என்பது இன்னொரு ஆச்சரியம்.

நித்தியகல்யாணியின் கதை அதைவிட வியப்பு. அதன் இலைக் கஷாயம் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஜமைக்காவில் நம்பினார்கள். கனடாவில் நோபிளும் பியரும் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன! ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள்தானே கட்டுமீறிப் பெருகுகின்றன? அந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் 1958ல் வின்பிளாஸ்டினும், பிறகு வின்கிரிஸ்டினும் வந்தன. இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் வின்கிரிஸ்டின் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் பூத்திருக்கிறதே என்று அந்த இலையைக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது விஷம்.

அப்படியானால் கிரீன் டீ புற்றுநோயைக் குணமாக்குமா?

இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கேட்டச்சின்களில் வீரியம் மிக்கது ஈ.ஜி.சி.ஜி. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்கள் மேல் ஊற்றினால் அவை சாகின்றன என்பது உண்மை. ஆனால் நாம் குடிக்கும்போது அதில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது; பெரும்பகுதியைக் குடல் பாக்டீரியா உடைத்துவிடுகிறது. கிரீன் டீ மனிதனின் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படி வந்தால் நம்பாதீர்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

உண்மையிலேயே மருந்தான கேட்டச்சினும் உண்டு! 2006ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிரீன் டீ கேட்டச்சின்களால் ஆன ஒரு களிம்பை, பிறப்புறுப்பைச் சுற்றி வரும் ஒருவகை மருவுக்கு மருந்தாக ஏற்றது. பல பொருட்கள் கலந்த தாவரச் சாற்றையே மருந்தாக ஏற்க அந்த நிர்வாகம் வகுத்த விதிகளின்படி அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

டீயாகக் குடிப்பது வேறு, சாற்றை மாத்திரையாக விழுங்குவது வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் கணக்குப் பார்த்துச் சொன்னது: கிரீன் டீ குடிப்பவர்களுக்கு ஒரு நாளில் சராசரியாகக் கிடைக்கும் ஈ.ஜி.சி.ஜி. 90 முதல் 300 மில்லிகிராம். மாத்திரையாக 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கின்றன. உடம்பு இளைக்க என்று விற்கும் கிரீன் டீ மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக, ரத்தசோகை உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. இரும்பு வாணலியில் டீ டிகாக்ஷன் பட்டால் மை போலக் கறுக்கிறதல்லவா? தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. வயிற்றுக்குள்ளும் இதே கதைதான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு என்று இரும்புச் சத்துள்ளதாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்துச் சாப்பிட்டு, கையோடு ஒரு டீயும் குடித்தால், உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் குறைந்துபோகலாம். டீயை விட வேண்டாம். கர்ப்பிணிகளும் வளரும் பெண்பிள்ளைகளும் இரும்பு மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வீட்டில் யாருக்காவது ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தால், இந்த ஒன்றை இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.